இரவல் மூளையும் தம் கண்ணும்

பழம்பொருள் வாங்குவது இழிவன்று. ஒருவன் படித்துக் கைவிட்ட நூலை மற்றொருவன் வாங்கிக் கற்றுப் புலவனாதல் உண்டு. ஒருவன் துருவேற விட்ட கொழுவை மற்றொருவன் வாங்கித் தீட்டி நிலத்தை விளைத்தலும் உண்டு. பொருள் பழையதா, புதியதா என்பது பெரிய வினாவன்று. வாங்குகின்றவன் அப்பொருளை ஆள்கின்றானா, அப்பொருளால் ஆளப்படுகின்றானா என்பதே வினா. கணிப்பொறி பொருத்திய பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்க விரும்பும் தமிழ் இளைஞரும், பள்ளிக்கு ஒன்று வேண்டுமென்று பணந்திரட்டும் ஆசிரியரும் இவ்வினாவை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர்தம் விழைவு போற்றத்தக்கது. கொட்டகைத் திரையில் தோன்றும் 'விண்மீன்'களை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்ட ஓரினத்தில், உண்மை விண்மீன்களைப் பார்க்க ஒருசிலர் எழுவது நல்ல அறிகுறியே. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் அயல்நாட்டினின்று வருவன. புதிதாய் வாங்கின், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பல திங்கள் வருவாயை விழுங்கிவிடும். ஆகலின், ஆவலுடன் வாங்கிச் சில இரவுகள் பார்த்துச் சலித்தவர் விற்கும் கருவியைத் தேடிச் செல்லுதல் இயல்பே. தேடுக. ஆயின், கையில் வருவது எது, காலப்போக்கில் கைநழுவிப் போவது எது என்று அறிந்து தேடுக.

கண்ணும் மூளையும்

கணிப்பொறித் தொலைநோக்கி என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, ஒளியைத் திரட்டும் கண். மற்றொன்று, அக்கண்ணை வேண்டிய திசைக்குத் திருப்பும் மூளை.

கண் என்பது வில்லையும் ஆடியும். பழங்கருவிச் சந்தையில் மிகுதியும் காணப்படும் எட்டு விரற்கட்டை அளவுக் கருவியை எடுத்துக்கொள்க. அதன் முகப்பு 203 மில்லிமீட்டர் அகலமுடையது. இருளில் நன்கு விரிந்த மாந்தக் கண்ணின் மணி 7 மில்லிமீட்டர் அளவினது. ஒளியைத் திரட்டும் ஆற்றல் பரப்பைப் பொறுத்தது. எனவே, நடுவிலுள்ள சிற்றாடி மறைக்கும் பங்கைக் கழித்த பின்னும் அக்கருவி வெறுங்கண்ணைப்போல் எழுநூறு மடங்குக்கு மேல் ஒளி திரட்டும். இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த அதன் குவியத் தொலைவு, ஆடிகளால் மடிக்கப்பட்டு, ஒரு முழ நீளக் குழலுக்குள் அடங்கியிருக்கும். 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையை இட்டால் உருவம் ஏறத்தாழ எண்பது மடங்கு பெருகித் தெரியும். காரிக்கோளின் வளையத்தையும், 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்களையும் காண இதுவே மிகை.

மூளை என்பது இரண்டு மின்னோடிகளும், கையில் பிடிக்கும் விசைப்பெட்டியும், பல்லாயிரம் வான்பொருள்களின் இருப்பிடம் பதிந்த நினைவகமும் ஆகும். பார்ப்பவன் நிற்கும் இடத்தையும் நாளையும் பொழுதையும் அதற்குச் சொல்லவேண்டும். பின்னர் இரண்டு விண்மீன்களை ஒன்றன்பின் ஒன்றாக அதற்குக் காட்டவேண்டும. அவ்விரண்டைக்கொண்டு அது வானம் முழுவதையும் கணக்கிட்டுக்கொள்ளும். அதற்குமேல் பெயரைத் தேர்ந்து விசையை அழுத்தினால் போதும். குழல் தானே திரும்பி அப்பொருளை நோக்கி நிற்கும். நிலவுலகின் சுழற்சிக்கு ஏற்பத் தானே நகர்ந்து தொடரும். வியக்கத்தக்க ஆக்கம் என்பதில் ஐயமில்லை. அறிவின் ஆக்கத்தைப் பழிப்பது தமிழியமன்று.

மூளை முதலில் சாகும்

ஆயின், இவ்விரண்டனுள் கண் நெடுநாள் வாழ்வது. மூளை விரைந்து சாவது. பழங்கருவி வாங்குவோன் மனத்திற் பதிக்கவேண்டிய முதலுண்மை இது.

வரலாற்றைக் காண்க. செலசுட்ரான் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் எட்டு விரற்கட்டைக் கருவி 1970-இல் வெளிவந்தது. அக்காலக் குழல்களுள், பேணி வைக்கப்பட்டவை இன்றும் வானைக் காட்டுகின்றன. அந்நிறுவனமே 1987-இல் கணிப்பொறி பொருத்திய கருவியைக் கொணர்ந்தது. 1972-இல் தோன்றிய மீடு என்னும் மற்றோர் அமெரிக்க நிறுவனம் 1992-இல் எல்.எக்சு. 200 என்னும் வகையை வெளியிட்டு இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. அதன்பின் நிகழ்ந்தவை என்ன? செலசுட்ரான் 2005-இல் தைவான் நாட்டு முதலாளிகள் கைக்குப் போயிற்று. மீடு 2013-இல் சீன முதலாளிகள் கைக்குப் போயிற்று. போட்டியை ஒழிக்கக் கூடிச் சூழ்ந்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் 2019-இல் அச்சீன நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இழப்பீட்டுத் தொகை மும்மடங்காக்கப்பட்டு 5 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு இறுதியிலேயே மீடு கடனிறுக்க இயலா நிலையை அறிவித்தது. வழக்கில் வென்ற ஓரியன் என்னும் நிறுவனமே 2021-இல் அதனை வாங்கியது. 2024-இல் ஓரியனும் மீடும் ஒருங்கே கதவடைத்தன.

முதலாளியை முதலாளி விழுங்கிய இக்கதையில் கருவி வாங்கிய எளியவனின் நிலை என்ன? அவன் வீட்டுக் குழலிலுள்ள ஆடிக்கு எக்கேடும் இல்லை. ஆனால், விசைப்பெட்டி பழுதுற்றால் மாற்றுப்பெட்டி செய்து தருவார் இலர். உள்ளே ஓடும் நிரலைத் திருத்தித் தருவார் இலர். அந்நிரலைப் பிறர் படிக்கவியலாவாறு பூட்டி வைத்தவர்கள் திறவுகோலோடு போய்விட்டனர்.

நிறுவனம் அழியாவிடினும் மூளை தானே தடுமாறுவதுண்டு. இருப்பிடத்தையும் பொழுதையும் செயற்கைக்கோள்களினின்று தாமே பெற்றுக்கொள்ளும் தொலைநோக்கிகள் சில உண்டு. அச்செயற்கைக்கோள் முறை கிழமைகளை 1,024 வரை எண்ணி மீண்டும் சுழியத்தினின்று தொடங்குவது. 2019 ஏப்பிரல் 6-ஆம் நாள் நள்ளிரவில் அவ்வெண்ணிக்கை அவ்வாறு மீண்டும் தொடங்கிற்று. இதற்கேற்பத் திருத்தப்படாத பழைய வாங்கிகள், ஏறத்தாழ இருபதாண்டு முந்திய நாளைக் காட்டத் தொடங்கின. நாள் பிழைத்தால் கோள்களின் இருப்பிடம் பிழைக்கும். வியாழனைக் காட்டென்றால் வெற்று வானைக் காட்டும் கருவியை என் சொல்வது? ஆடி பிழைக்கவில்லை, வானம் பிழைக்கவில்லை, இரவல் மூளையே பிழைத்தது.

இவ்விடர் பழங்கருவிகளோடு முடிவதன்று. இப்பொழுது கண்ணருகு வில்லையே இல்லாத சிறுகருவிகள் வந்துள்ளன. கைப்பேசியில் நிறுவனத்தார் தந்த செயலி இருந்தாலன்றி அவை அசையா. நாளை அச்செயலியை அவர்கள் நிறுத்திவிட்டால், கண்ணும் மூளையும் ஒருங்கே குருடாகும். இவை பழையனவாய் விலைக்கு வரும்பொழுது வாங்குவோன் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

வாங்குமுன் ஆய்க

எனவே, கண்ணை ஆய்ந்து விலைபேசுக. மூளையை மிகையாகக் கிடைத்த ஒன்றாகவே மதிப்பிடுக.

முதலில் குழலின் முகப்பிலிருந்து கைவிளக்கைச் சாய்வாக அடித்து உள்ளே காண்க. சிறு தூசியால் கேடில்லை. சிலந்திவலைபோல் கிளைத்த படலம் தெரியின் அது பூஞ்சணம். கடற்காற்றும் புழுக்கமும் மிக்க தமிழகத்தில் இது பெரும்பகை. அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருப்பின் அக்கருவியை விட்டுவிடுக. அடுத்து, இரவில் ஒளிமிக்க விண்மீன் ஒன்றை நோக்கிக் குவியத்தைச் சற்றே கலைத்துப் பார்க்க. ஒன்றினுள் ஒன்றாக வட்டங்கள் ஒரே நடுவத்தில் அமைந்தால் ஆடிகள் நேராக உள்ளன. வட்டங்கள் ஒருபுறம் ஒதுங்கினால் திருகாணிகளால் திருத்திக்கொள்ளலாம், இக்குறைக்கு அஞ்சவேண்டா.

பின்னர் மூளையை ஆய்க. மின்கல அறையைத் திறந்து, கசிவால் விளைந்த பச்சைக் கறை உண்டோ என்று காண்க. அமெரிக்காவினின்று வந்த கருவியாயின் அதன் மின்மாற்றி 110 வோல்ட்டுக்கு உரியதாதல் கூடும். அதனை இங்குள்ள 230 வோல்ட்டில் செருகினால் கருவிக்கு அன்றே இறுதிக்கடன். இரண்டு மின்னோடிகளையும் நான்கு திசையிலும் ஓட்டிப் பார்க்க. அரைபடும் ஓசை கேட்டால் பற்சக்கரம் தேய்ந்தது. திசை மாற்றியபின் நெடுநேரம் அசையாது நின்றால் இடைவெளி மிகுந்தது. விசைப்பெட்டியின் ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்க்க. பழைய எல்.எக்சு. 200 வகையின் சுற்றுப்பலகையில் உள்ள தாண்டலம் மின்தேக்கிகள் முதுமையால் பழுதாவது பலரும் அறிந்த குறை. அதனைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்க.

இத்தமிழ் நிலத்திற்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. வடமுனை விண்மீன் தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயர்ந்து நிற்குமோ, அதுவே ஓரிடத்தின் நிலநேர்க்கோட்டளவு. குமரிமுனையில் அது 8 பாகை, சென்னையில் 13. வடநாடுகளில் வாழ்வோரைக் கருதிச் செய்த சாய்வுத் தாங்கிகளுட் பல இவ்வளவு தாழ்வாகச் சாயா. இலண்டனுக்கோ நியூயார்க்குக்கோ பொருந்தும் தாங்கி நெல்லைக்குப் பொருந்தும் என்று விற்பவன் சொன்னால், சாய்த்துக் காட்டச் சொல்லுக.

எல்லாவற்றினும் மேலானது ஒன்று. முகப்பை முழுதும் மூடும் ஞாயிற்று வடிப்பான் இன்றிக் குழலை ஞாயிற்றின் பக்கம் திருப்பற்க. கண்ணருகு வில்லையில் திருகும் பழைய வடிப்பான் பெட்டியில் கிடந்தால் அதனை உடைத்தெறிக. வெப்பத்தால் அது வெடிக்கும். கண்ணொளி நொடியில் போகும். பகலில் தானே சுழலும் கருவியைச் சிறுவர் கையில் தனியே விடுவது பெருங்கொடுமை.

இரண்டு விண்மீன்

இனி, இவை எல்லாவற்றினும் ஆழமான ஒன்று. விலைமிக்க அக்கணிப்பொறி வேலையைத் தொடங்குமுன் பார்ப்பவனிடம் கேட்பது என்ன? 'எனக்கு இரண்டு விண்மீனைக் காட்டு' என்பதே. அவ்விரண்டையும் அறியாதவனுக்கு அப்பொறியால் பயனில்லை. மூன்று ஒளிப்புள்ளிகளைக் காட்டினால் போதும், பெயர் வேண்டா என்னும் வகைகள் பின்னர் வந்தன. அவற்றிலும் காட்டியது சரியா, பொறி கணித்தது சரியா என்று தேர்ந்துகொள்ள வானறிவு வேண்டும். அறியாமையைப் பொறி போக்குவதில்லை, மறைத்து வைக்கின்றது.

இரண்டு விண்மீனைக்கொண்டு வானத்தை அளப்பது தமிழனுக்குப் புதிதோ? புறநானூற்று 229-ஆம் பாட்டை எடுத்துப் பார்க்க. கூடலூர் கிழார் பாடியது அது. ஒரு பங்குனி நள்ளிரவில் விண்கொள்ளி ஒன்று வீழ்ந்த பொழுதை அவர் குறிக்கின்றார். உச்சியினின்று சாய்ந்த மீன் எது, அதற்கெதிரே எழும் மீன் எது, மேற்கே மறையும் மீன் எது என்று வரிசையாகச் சுட்டிப் பொழுதை நிறுத்துகின்றார். கொள்ளி வீழ்ந்ததை வேந்தனின் சாவுக்கு அறிகுறியாகக் கொண்டது அக்கால நம்பிக்கை, அதனைத் தள்ளுக. ஆயின், மின்கலமும் நினைவகமும் இன்றி, எழுவதையும் உச்சியுறுவதையும் மறைவதையும் ஒரே நோக்கில் கொண்டு வானத்தை நேர்ப்படுத்திய அக்கண்ணைத் தள்ளுதல் ஆகாது. இன்றைய விசைப்பெட்டி செய்வதும் அடிப்படையில் அவ்வினையே. அன்று புலவன் நெஞ்சில் இருந்தது, இன்று பூட்டிய பெட்டிக்குள் இருக்கின்றது. வேறுபாடு அவ்வளவே, ஆனால் அவ்வேறுபாடு சிறிதன்று.

அப்பெட்டி பேசும் மொழி எது? செலசுட்ரானின் விசைப்பெட்டி வகையொன்று ஆங்கிலம், பிரெஞ்சு, செருமானியம், இத்தாலியம், இசுப்பானியம் என்னும் ஐந்து மொழிகளில் பேசும். தமிழில் பேசாது. அதன்மேற் சினந்து பயனில்லை. தமிழில் கேட்டவர் இலராயின் விற்பவன் ஏன் தமிழில் தரப்போகின்றான்? ஆயின் பெயர்களைப் பார்க்க. ஆதிரையை அது பெட்டெல்கியூசு என்கின்றது. ஓணத்தை ஆல்டேர் என்கின்றது. இவை அரபிச் சொற்களின் வழிவந்த பெயர்கள். அரபியர் இடைக்காலத்தில் வானை அளந்தனர், நூல் எழுதினர், ஆகலின், ஐரோப்பியன் செய்த கருவியிலும் அவர்தம் பெயர் நிற்கின்றது. ஆதிரையும் ஓணமும் தமிழர்க்குக் கழகநூற் காலத்துப் பெயர்கள். காரிக்கோளை மைம்மீன் என்றும், கார்த்திகைக் கூட்டத்தை அறுமீன் என்றும், வடவானில் நிற்கும் ஏழனை எழுமீன் என்றும் வழங்கிய மொழி இது. அப்பெயர்களை இன்று மணநாள் குறிக்கும் ஓலையில் காணலாம். பள்ளிப்பிள்ளையின் விரல் சுட்டும் வானில் காண்பது அரிதாயிற்று.

'தமிழில் பெயரிட்டால் விண்மீன் அருகில் வந்துவிடுமா?' என்று எள்ளுவோர் எங்கும் உளர். வாராது. ஆனால் பிள்ளை அருகிற் செல்லும். தன் பாட்டி வாயிற் கேட்ட ஆதிரை என்னும் சொல்லும், தொலைநோக்கியிற் செந்நிறமாய்க் கனலும் அப்பெருமீனும் ஒன்றென்று அறிந்த பிள்ளைக்கு, அறிவியல் அயலான் வீட்டுச் சொத்தாகத் தோன்றாது.

வழி உண்டு

குறை சொல்லி நின்றுவிடுதல் முறையன்று, வழியும் சொல்லவேண்டும். பூட்டிய மூளை செத்துப்போன பழங்கருவிகளுக்கு, ஆன்சுடெப் என்னும் திறந்த நிரல் ஒன்று உள்ளது. எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம். சிறிய சுற்றுப்பலகை ஒன்றையும் மின்னோடிகள் இரண்டையும் பொருத்தி, கைவிடப்பட்ட தாங்கிக்கு அதனால் மீண்டும் உயிரூட்டுகின்றனர். மூளை செத்ததென்று மலிவாக விலைக்கு வரும் நல்லாடிக் குழல், மின்னணுவியல் கற்ற தமிழ் இளைஞன் ஒருவனுக்குப் புதையலன்றோ? நிரல் திறந்திருப்பதால் அதனுள் தமிழையும் ஏற்றலாம். பொறியியற் கல்லூரிகள் நிறைந்த நாட்டில் இதனைச் செய்ய ஆளில்லை என்றால் எவர் நம்புவர்?

மூளையே வேண்டாத வழியும் உண்டு. சான் தாப்சன் என்னும் அமெரிக்கத் துறவி (1915-2014) கப்பற் சாளரக் கண்ணாடியைக் கையால் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழலில் பொருத்தி, மரப்பெட்டியில் இருத்தி, தெருவோரத்தில் நின்று போவோர் வருவோர்க்கெல்லாம் நிலவைக் காட்டினார். அவர் வகுத்த எளிய அமைப்பு இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பழைய கணிப்பொறிக் கருவிக்குக் கொடுக்கும் விலையில், அதனினும் அகன்ற ஆடியுடைய இவ்வகைக் கருவி பெரும்பாலும் புதிதாகவே கிடைக்கும். கையால் தள்ளித் தேடவேண்டும் என்பதே அதன் குறை. கையால் தள்ளித் தேடியவனுக்கு வானம் மனப்பாடமாகும் என்பதே அதன் நிறை.

சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் ஆடியுடைய பெருந்தொலைநோக்கி 1986-இல் நிறுவப்பட்டது. அதன் ஆடி பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. பெரியதை இங்குள்ள கைகள் செய்தன. சிறியதைச் செய்ய ஏன் கூசவேண்டும்?

செலவைப் பற்றி ஒரு சொல். ஏழரையாண்டு பிடித்ததென்று அஞ்சிக் காரிக்கோளுக்குக் கழுவாய் செய்யத் தமிழ்க்குடும்பங்கள் கொட்டும் பணத்திற்குக் கணக்குண்டோ? அக்காரிக்கோளின் வளையம் 2025 மார்ச்சுத் திங்களில் நிலவுலகை நோக்கி விளிம்பாய் நின்று கோடுபோல் மெலிந்தது. இப்பொழுது ஆண்டுதோறும் சிறிது சிறிதாய் விரிந்து வருகின்றது. ஒருமுறை அதனைக் கண்ணாரக் கண்ட சிறுவன், அது தன் தந்தையின் வேலையைக் கெடுக்க அங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றது என்று நம்புவானா? தொலைநோக்கிக்குக் கொடுக்கும் உருபா, அச்சத்திலிருந்து ஒரு குடும்பத்தை மீட்கும் உருபா.

ஆகலின், தமிழ் இளைஞர் பழங்கருவியைத் தாராளமாக வாங்குக. வாங்குமுன் ஒரு திங்கள் வெறுங்கண்ணால் வானை நோக்கி, பத்து விண்மீன்களையேனும் தமிழ்ப் பெயரால் சுட்டப் பழகுக. வாங்குங்கால் ஆடியின் தூய்மைக்கு விலை கொடுக்க. வாங்கியபின் அதனை இயக்கும் முறையைத் தமிழில் எழுதிக் கருவியோடு சேர்த்து வைக்க. நாளை அதனை அடுத்தவனுக்கு விற்கும்பொழுது அவ்வேடும் உடன் செல்லட்டும். ஊருக்கு ஒரு குழல் இருப்பின், நிலவில்லா இரவுகளில் தெருவில் நிறுத்திச் சேரியார்க்கும் ஊரார்க்கும் வேறுபாடின்றிக் காட்டுக. வானத்திற்கு வேலி இல்லை. பூட்டு, பெட்டியில்தான் இருக்கின்றது. அதனைத் திறக்கும் அறிவைத் தமிழில் ஆக்கிக்கொள்வதே இற்றைக் கடமை.